டர்பனில் அவுட்பில்டிங் அறை எடுப்பது எப்படி: சாவி வாங்கும் முன்னும் பின்னும்

வேலைக்கோ படிப்புக்கோ தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்திறங்கும் தமிழர் பலருக்கு முதல் வீடு, வீடே அல்ல. சாட்ஸ்வொர்த், ஷால்கிராஸ், பீனிக்ஸ் பக்கம் யாரோ ஒருவருடைய வீட்டின் பின்புறம் கட்டிய ஒற்றை அறை. இங்கே அதற்கு அவுட்பில்டிங் என்று பெயர். தனிச் சமையலறை இருந்தால் கிரானி பிளாட், பலகையில் அடித்தது வெண்டி ஹவுஸ். கிடைப்பது சுலபம்: காலையில் வாட்ஸ்அப்பில் படம் வரும், மாலையில் பெட்டியோடு குடியேறிவிடலாம்.

சிக்கல் மறுவாரம் தொடங்கும். வங்கியில் முகவரிச் சான்று கேட்பார்கள், சிம் பதியவும் கேட்பார்கள். உங்கள் பெயரில் ஒரு தாளும் இருக்காது. ஆகவே அறையைத் தேடும்போதே தாளையும் சேர்த்துத் தேடுங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிற வீட்டுக்காரர் மாதம் 500 ராண்ட் குறைத்துக் கொடுத்தாலும் அந்த அறை வேண்டாம்.

1. தேடப் போகும் முன் பையில் என்ன இருக்க வேண்டும்

பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், விசா பக்கம் இரண்டையும் ஆறு பிரதி எடுத்து, மூலத்தோடு அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சான்று முத்திரை வாங்குங்கள். கட்டணம் கிடையாது. முத்திரைத் தேதி மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. அதனால் ஒரேயடியாக இருபது பிரதி போட்டு வைக்காதீர்கள்.

வீட்டுக்காரர் விசாவைக் கேட்டால் மனத்தாங்கல் வேண்டாம். முறையான அனுமதி இல்லாதவருக்குத் தெரிந்தே வீடு வாடகைக்கு விடுவதை 2002ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தடுக்கிறது. பிரதியைக் கொடுங்கள், அதன் குறுக்கே 'வாடகைக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதித் தேதி போடுங்கள். மூல பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள், வேலை கொடுத்த முதலாளியிடம்கூட.

சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்குக் கேட்பார்கள். புதிதாக வந்தவரிடம் அது இருக்காது. வேலை நியமனக் கடிதமும் ஊர் வங்கிக் கணக்கின் கடைசி மூன்று மாத அறிக்கையும் பெரும்பாலும் போதும்.

கையில் எவ்வளவு? மாத வாடகை 4,500 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாத வாடகை 4,500, டெபாசிட் இன்னொரு 4,500, முதல் லைட் டோக்கன் (முன்பணம் கட்டி வாங்கும் மின்சாரம்; இங்கே லைட் என்றால் மின்சாரம்) 300, கேட் ரிமோட்டுக்கு வைப்புத்தொகை ஏதாவது இருந்தால் அது. ஆகப் பத்தாயிரத்துக்குச் சற்றே குறைவு. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இங்கே மூன்று மாதம் கேட்டால் 'பரவாயில்லையே' என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே வழக்கம் ஒரு மாதம், சில இடங்களில் இரண்டு. அதற்கு மேல் கேட்டால் பேரம் பேசுங்கள்.

வாடகை 1ஆம் தேதியிலிருந்து கணக்கு. காலி செய்பவர்கள் மாதக் கடைசியில் போவார்கள். 20ஆம் தேதிக்கு மேல் தேடினால் தெரிவு அதிகம். 3ஆம் தேதிக்குப் பிறகு மிஞ்சியிருப்பது பிறர் வேண்டாமென்று விட்டதாக இருக்கும்.

2. வீடு உண்மையில் யாருடையது

மற்ற எதையும் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். ஏமாற்று இரண்டு வகை.

முதலாவது, படத்தை மட்டும் காட்டிப் பணம் கேட்பவர். 'இன்னும் மூன்று பேர் பார்க்க வருகிறார்கள், டெபாசிட்டைப் போட்டால் உங்களுக்கு வைக்கிறேன்' என்பார். அறைக்குள் நிற்காமல் ஒரு ராண்ட்கூட அனுப்பாதீர்கள். ஏஜெண்ட் என்று சொன்னால் ஏஜெண்ட் தொழிலுக்கு வேண்டிய பிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சொத்துத் தொழிலர் சட்டப்படி அது இல்லாதவர் கமிஷன் வாங்க முடியாது.

இரண்டாவது வகையில் யாரும் திருடர் இல்லை, ஆனாலும் தெருவில் நிற்பது நீங்கள்தான். வீடு செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கும். அண்ணன் முன்வீட்டில் இருந்துகொண்டு பின்னறையை வாடகைக்கு விடுவார். மூன்றாம் மாதம் தங்கை வந்து, 'எனக்கும் பங்கு உண்டு, வாடகையை என்னிடம் கொடு' என்பார். இரண்டு பேருக்கும் கொடுக்க முடியாது. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் கேட்டைப் பூட்டுவார்.

இதைத் தவிர்க்கக் கேட்க வேண்டியது ஒன்றே: மாநகராட்சியின் லைட்ஸ் அண்ட் வாட்டர் பில். அதிலுள்ள பெயரும் வீட்டுக்காரரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பெயர் வேறானால், 'அப்பா தவறிவிட்டார்' என்றால், இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் கொடுத்த நிர்வாகி நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் பெயர் உள்ளவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும். துக்க வீட்டில் கணக்குக் கேட்பதுபோல் தோன்றும். 'பேங்க் கேட்கிறது ஆண்ட்டி' என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை.

வீட்டை இடையில் விற்றுவிட்டால்? நடப்பில் உள்ள வாடகை ஒப்பந்தம் விற்பனையை முந்தும் என்பது இங்குள்ள சட்டம். புது உரிமையாளர் ஒப்பந்தக் காலம் முடியும்வரை உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் இதைக் காட்டலாம். வாய்ப்பேச்சாக இருந்தால் நிரூபிப்பதே பெரும்பாடு.

வேலை கொடுப்பவரே அறையும் கொடுத்தால் வாடகையைச் சம்பளத்தில் பிடிக்க உங்கள் எழுத்து ஒப்புதல் வேண்டும். அந்தத் தாளில் தொகையையும் அறையின் முகவரியையும் எழுத வையுங்கள். முகவரிச் சான்றுக்கு அதுவே உதவும். கோயில், உணவகம், நகைப்பட்டறை வேலைக்கு வருகிறவர்கள் இதை முதல் வாரமே முடித்துவிட வேண்டும். பிறகு கேட்டால் 'என் மேல் நம்பிக்கை இல்லையா' என்ற பேச்சு வரும்.

3. ஜொண்டோலோவும் ஆர்.டி.பி. வீடும்

வாடகை கட்டுப்படியாகாமல் தகரக் குடிசைப் பகுதிகளில் அறை பார்க்கிறவர்கள் உண்டு. இங்கே அதை ஜொண்டோலோ என்பார்கள். சாட்ஸ்வொர்த்தை ஒட்டியே பாட்டில்பிரஷ் என்ற குடிசைப் பகுதி இருக்கிறது. வாடகைக்கு இருப்பது ஒன்று, விலைக்கு வாங்குவது வேறொன்று. வாங்காதீர்கள். நிலம் விற்பவருடையது அல்ல. போலீஸ் நிலையத்தில் முத்திரை குத்திய 'விற்பனை உறுதிமொழி' உங்களுக்கு நிலத்தைத் தராது, சொன்னதைச் சொன்னார் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. புதிதாக எழுப்பும் குடிசையை மாநகராட்சியின் நில ஆக்கிரமிப்புத் தடுப்புப் பிரிவு வந்து பிரித்துவிடும்.

அரசு மானியத்தில் கட்டிய ஆர்.டி.பி. வீட்டையும் இதே தாளோடு விற்க வருவார்கள். மானியம் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். பயனாளி முதல் எட்டு ஆண்டுகள் அதைத் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது.

வாடகைக்கு இருப்பதானால் மின்சாரத்தைப் பாருங்கள். தெருக்கம்பத்திலிருந்து தரையில் ஓடிவரும் கம்பிக்கு இசின்யோகா, பாம்புகள், என்று பெயர். மழை நாளில் அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்பும் நெருக்கமான பலகைச் சுவரும் சேர்ந்தால் ஒரு வீட்டுத் தீ வரிசை முழுவதையும் கொண்டுபோகும். ஆவணங்களை ஜிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கதவருகே எடுத்து ஓடத் தோதாக வையுங்கள்.

4. அறையை அளந்து பாருங்கள்

டேப் ஒன்று எடுத்துப் போங்கள். வாழும் அறை 6 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. எந்தப் பக்கமும் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. கூரை உயரம் 2.4 மீட்டர். ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் பத்தில் ஒன்று, அதில் திறக்கக் கூடியது இருபதில் ஒன்று. 12 சதுர மீட்டர் அறையானால் ஜன்னல் 1.2 சதுர மீட்டர், திறப்பது 0.6. காரேஜை மறித்து அறையாக்கிய இடங்களில் தவறுவது இந்த ஜன்னல்தான். டர்பனின் ஈரக்காற்றில் ஜன்னல் இல்லாத அறையில் இரண்டு மாதத்தில் அலமாரித் துணி பூசணம் பிடிக்கும்.

அவுட்பில்டிங்குக்கு மாநகராட்சி அங்கீகரித்த வரைபடம் உண்டா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் நோட்டீஸ் வீட்டுக்காரருக்கு வரும், அறையை இழப்பது நீங்கள்.

பிறகு வெளியே வந்து நிலத்தைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 11, 12 மழையில் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிந்த மண்ணும் இடிந்த சுவரும் பல வீடுகளை மூடின. அறை சரிவின் அடியில் இருந்தால் பின்னால் உள்ள தாங்குசுவரில் நீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, மேல்வீட்டுக் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சுவரில் படுக்கைவாட்டில் புது விரிசல் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். முடிந்தால் ஒரு மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லா அறையும் நல்ல அறைதான்.

பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை சாதாரணம். சும்மா இருக்கும்வரை தொல்லை இல்லை. விசிறிக்கோ டிஷ்ஷுக்கோ அதில் துளை போடாதீர்கள்.

5. லைட்டும் தண்ணீரும்

அவுட்பில்டிங் சண்டைகளில் பெரும்பங்கு இதில்தான். மூன்று ஏற்பாடுகள் உண்டு.

தனி பிரீபெய்ட் மீட்டர் இருந்தால் நல்லது. வீட்டுக்காரர் முன்னாலேயே 50 ராண்டுக்கு டோக்கன் வாங்கி 20 இலக்க எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஏறாவிட்டால் மீட்டர் புதுப்பிக்கப்படாததாக இருக்கலாம். 2024 நவம்பர் 24க்குள் எல்லா பிரீபெய்ட் மீட்டரிலும் குறியீட்டு மாற்ற டோக்கன் இரண்டைத் தட்டியிருக்க வேண்டும். தட்டாதவை அதன் பிறகு புது டோக்கனை ஏற்பதில்லை. ஏறியும் யூனிட் குறைவாக வந்தால் ரசீதைப் பாருங்கள். பழைய பாக்கிக்காகப் பிடித்தம் ஓடலாம். அந்தப் பாக்கி உங்களுடையது அல்ல.

உள்மீட்டர் (முன்வீட்டு இணைப்பிலிருந்து உங்கள் அறைக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் அளப்பது) என்றால் குடியேறும் நாளிலும் ஒவ்வொரு 1ஆம் தேதியும் எண்ணைப் படமெடுங்கள். யூனிட் விலை என்ன என்று ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். மாநகராட்சி பில்லில் உள்ள விலைக்கு மேல் போகக் கூடாது.

'லைட் உள்பட' என்பது மூன்றாவது. கேட்க இனிப்பு. ஆனால் வீட்டுக்காரர் உங்கள் கீசரையும் அடுப்பையும் எண்ணிக்கொண்டே இருப்பார். எத்தனை யூனிட் வரை உள்ளடக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

முன்வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் இழுத்திருந்தால் அந்த அறை வேண்டாம். முறையான டி.பி. பெட்டி (மின்பகிர்வுப் பெட்டி) இருந்தால், மின்கசிவு வந்தால் தானே அணையும் எர்த் லீக்கேஜ் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் குடியேறும் முன் மாற்றச் சொல்லுங்கள். ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவருபவர்களுக்கு: நம்மூர் பெரிய 16 ஆம்பியர் மூன்று முள் பிளக் இங்குள்ள பெரிய சாக்கெட்டில் நேராகப் பொருந்தும். சின்ன பிளக்குக்கு அடாப்டர் தேவை.

தண்ணீருக்கு ஒரே கேள்வி: ஜோஜோ டாங்க் (தண்ணீர் சேமிக்கும் பிளாஸ்டிக் தொட்டி) இருக்கிறதா, அதன் குழாய் பின்னறைக்கும் வருகிறதா? 2022 வெள்ளத்துக்குப் பின் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது.

6. ஒப்பந்தம்

1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, குடியிருப்பவர் கேட்டால் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை எழுத்தில் தந்தாக வேண்டும். ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை. இரண்டு பக்கம் போதும். இரு தரப்புப் பெயரும் முகவரியும், அறையின் விவரம், வாடகை, ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், டெபாசிட், லைட்-தண்ணீர்க் கணக்கு, எத்தனை மாதம், எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகியவை இருக்க வேண்டும். வீட்டு விதிகள் ஏதும் இருந்தால் பின்னிணைப்பாக.

இங்கே தமிழருக்கென்றே ஒரு பொறி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். நீங்கள் வழக்கம்போல் இனிஷியல் போட்டுக் கையெழுத்திடுவீர்கள். ஒப்பந்தத்தில் 'எஸ். முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்பையா' என்றால் வங்கியில் அவர் வேறு, இவர் வேறு. பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுத வையுங்கள். முகவரிக்கும் இதே கவனம் வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் ஒரே சாலையை எண்ணாலும் பெயராலும் சொல்வார்கள். மாநகராட்சி பில்லில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

விசா இன்னும் எட்டு மாதமே இருக்கும்போது பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். கட்டாயமானால் விசா நீட்டிப்பு மறுக்கப்பட்டால் அபராதமின்றி முடிக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 20 வேலைநாள் முன்னறிவிப்பு கொடுத்து இடையில் விலகும் உரிமை உண்டு. ஆனால் நியாயமான ரத்துக் கட்டணம் கேட்கலாம், அந்த 'நியாயம்' எவ்வளவு என்பதில்தான் வழக்கு வளரும்.

7. டெபாசிட், நுழையும் நாள்

பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அதே இடத்தில் ரசீது. ரசீதில் தேதி, முகவரி, வாடகையா டெபாசிட்டா, எந்த மாதத்துக்கு என்பது இருக்க வேண்டும். இது தயவு அல்ல, சட்டம். டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போட வேண்டியது வீட்டுக்காரர் கடமை. வட்டி உங்களுடையது.

பெட்டியை இறக்கும் முன் இருவரும் சேர்ந்து அறையைச் சுற்றிப் பாருங்கள். உடைந்த ஓடு, ஒழுகும் குழாய், ஈரக்கறை, மூடாத ஜன்னல் என ஒவ்வொன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். செல்பேசியில் ஒரு முழு வீடியோ எடுத்து அன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அனுப்பிய தேதி அழியாது.

8. முகவரிச் சான்று

ஒரே காலையில் முடியும், வீட்டுக்காரர் கூட வந்தால். அவருடைய அடையாள அட்டை, மூன்று மாதத்துக்கு உட்பட்ட மாநகராட்சி பில், உங்கள் பாஸ்போர்ட், ஒப்பந்தம் ஆகியவற்றோடு போலீஸ் நிலையம் போங்கள். 'இன்னார், இந்தப் பாஸ்போர்ட் எண்ணுடையவர், என் வீட்டு அவுட்பில்டிங்கில் இந்தத் தேதி முதல் குடியிருக்கிறார்' என்று அவர் உறுதிமொழிப் பத்திரம் எழுதுவார். வீட்டிலேயே கையெழுத்திட்டுக் கொண்டுபோனால் செல்லாது; அதிகாரி கண்முன் கையெழுத்திட வேண்டும். இதற்கும் கட்டணமில்லை. மாதக் கடைசியும் திங்கள் காலையும் கூட்டம். செவ்வாய், புதன் நல்லது.

பில்லின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, உறுதிமொழி மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு சான்று. பில் பழையதாகும் முன் வங்கி, சிம் இரண்டையும் அதே வாரத்தில் முடியுங்கள். வங்கி அறிக்கை உங்கள் பெயரில், உங்கள் முகவரியோடு வரத் தொடங்கினால் வீட்டுக்காரரை மறுபடி போலீஸ் நிலையத்துக்கு அழைக்க வேண்டியதில்லை. குடிசைப் பகுதியில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரின் முத்திரைக் கடிதத்தைக் கேட்கலாம்.

9. முன்வீட்டாரோடு

வாசலில் கோவெந்தர், பிள்ளை, மூட்லி, படையாச்சி என்று பெயர்ப்பலகை இருக்கும். கோவெந்தர் நம் கவுண்டர், மூட்லி நம் முதலிதான். ஆனால் வீட்டுப் பேச்சு ஆங்கிலம். தமிழ் பெரும்பாலும் பூசையறையோடு நிற்கும். அங்கிள், ஆண்ட்டி என்று அழைத்தால் போதும். தமிழ் தெரியாததைக் குத்திக்காட்டாதீர்கள். பேசிப் பாருங்கள் என்று சோதனையும் வைக்காதீர்கள். புரட்டாசி விரதம் பல வீடுகளில் கண்டிப்பு: அந்த மாதம் பின்னறையிலும் கறி சமைக்கக் கூடாது என்பார்கள். மாட்டிறைச்சி எந்த மாதமும் கூடாது என்பவர்களும் உண்டு. குடியேறும் முன் கேட்டுவிடுங்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே பாரிட்ஜ் பிரேயர் என்பார்கள். அன்றைக்கு ஒரு கை உதவினால் அந்தத் தெருவில் 'புது இந்தியாக்காரன்' என்ற பெயர் மாறி உங்கள் சொந்தப் பெயர் புழங்கும்.

10. தகராறு வந்தால்

வாடகை பாக்கியே இருந்தாலும் நீதிமன்ற ஆணை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவது, லைட்டை வெட்டுவது இரண்டும் குற்றம். இது விசாவைப் பார்த்து வரும் உரிமை அல்ல.

மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் இலவசம், வக்கீல் தேவையில்லை. ஒப்பந்தம், ரசீதுகள், வாட்ஸ்அப் செய்திகளின் அச்சு ஆகியவற்றோடு போங்கள். புகார் பதிந்த பின் தீர்ப்பு வரும்வரை அல்லது மூன்று மாதம்வரை வெளியேற்ற முடியாது. ஆனால் அந்த மாதங்களிலும் வாடகையைத் தவறாமல் கட்ட வேண்டும். 'கேஸ் நடக்கிறதே' என்று நிறுத்தியவர்கள் அங்கேதான் தோற்கிறார்கள்.

11. காலி செய்யும்போது

ஒப்பந்தக் காலம் முடிந்தும் அப்படியே தொடர்ந்திருந்தால் ஒரு மாத எழுத்து முன்னறிவிப்பு கொடுங்கள். 1ஆம் தேதிக்கு முன்பே கொடுத்துவிட்டால் அரைமாதக் கணக்கில் சண்டை வராது. கடைசி மூன்று நாளுக்குள் இருவரும் சேர்ந்து மறுபடி அறையைப் பார்க்க வேண்டும். நீங்கள் கேட்டும் வீட்டுக்காரர் வராவிட்டால், அறை நல்ல நிலையில் இருந்ததாகவே கொள்ளப்படும். பிறகு சேதம் என்று பிடிக்க முடியாது. நீங்கள் வராமல் போனால் கதை தலைகீழ்.

பாக்கியோ சேதமோ இல்லையென்றால் டெபாசிட் வட்டியோடு 7 நாளில் வர வேண்டும். பழுது பார்த்துக் கழிப்பதானால் 14 நாள். செலவு ரசீதுகளைக் கேட்கலாம். நீங்கள் கூட்டுப் பார்வைக்கு வராதிருந்தால் 21 நாள். 'கடைசி மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அது பாக்கியாகப் பதிவாகும். ஊருக்கே திரும்புகிறவர்கள் இந்த நாட்களைக் கணக்கிட்டு இங்குள்ள வங்கிக் கணக்கை மூடுங்கள். டெபாசிட் வந்து சேரும் முன் கணக்கு மூடிப் பணம் திரும்பிப்போனால் வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி யாரையும் கெஞ்ச முடியாது.

மீட்டர் எண்ணைப் படமெடுத்து, சாவியும் ரிமோட்டும் ஒப்படைத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.